வண்டலூர்ச் சிங்கமும் முழுநேர ஊழியமும்

குருப்பட்டம் பெற்று, அங்கியின் மடிப்பு இன்னும் கலையாமல் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் கூடுகைக்கு வந்து பேசச் சொன்னீர்கள். என் முழங்கால்கள் மறுத்துவிட்டதால் எழுதி அனுப்புகிறேன். “விசுவாசிகள் வாழ்க்கையில் நல்ல தீர்மானங்கள் எடுக்க ஆயர் எப்படி உதவலாம்?” என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பில் குறை ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைகளைப் படித்தாலே எனக்கு ஒரு சிங்கம்தான் நினைவுக்கு வருகிறது.

இறையியல் கல்லூரியில் உங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிரசங்க பீடத்தில் எப்படி நிற்பது, குழந்தையைக் கீழே போடாமல் எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது, இரண்டு தரப்பு உறவினர்களும் சண்டை போடும்போது எப்படி அடக்க ஆராதனையை முடிப்பது என்று எல்லாம். ஆனால் ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “ஐயா, ஆண்டவர் என்கிட்ட பேசிட்டார்” என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதுதான் இந்தத் தொழிலில் பாதி. சந்தேகப்படுவது போலவும் இருக்கக் கூடாது, சம்மதம் கொடுப்பது போலவும் இருக்கக் கூடாது. கண்ணாடியைத் துடைப்பது நல்லது. கண் நன்றாகத் தெரிந்தாலும் ஒரு கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் தாம்பரம் பக்கம் எங்கள் சபையில் அடையாளம் கேட்பது ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. பழைய ஏற்பாட்டில் ஒருவர் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்துப் போட்டு, பனி எங்கே விழுகிறது என்று பார்த்து ஆண்டவரின் சித்தத்தைத் தெரிந்துகொண்டார் அல்லவா? எங்கள் ஆட்களிடம் ஆட்டுத்தோல் இல்லை. மின்சார ரயில் இருந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாலிபன், ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பதற்கு, “அடுத்த வண்டி இந்தப் பக்க பிளாட்பாரத்தில் வந்தால் சித்தம், அந்தப் பக்கம் வந்தால் சித்தமில்லை” என்று ஆண்டவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்தான். அன்றைக்கு மின்கம்பி அறுந்து எந்தப் பக்கமும் வண்டியே வரவில்லை. அவன் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே இருந்தான். அதே ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றிருந்த அந்தப் பெண் யோசிக்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள், வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள், பல்லாவரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள்.

ஆனால் ஞானராஜ் விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக இல்லை. இரண்டு பெண் குழந்தைகளின் சோறு அதில் இருந்தது.

நான் அந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஞானராஜ் கிண்டி பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. உயரம், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. வண்டலூரில் மனை வாங்கி, சின்னதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். மனைவி மெர்சி ஊரப்பாக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அமைதியான குடும்பம். ஒரே ஒரு விஷயத்தில்தான் அமைதி கிடையாது. ஞானராஜ் பாடுவார்.

அவர் குரலில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ராகம் மட்டும்தான் இல்லை. பாட்டு ஒரு தெருவில் போனால் ஞானராஜ் பக்கத்துத் தெருவில் போவார். ஆனால் மற்றவர்களைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவார். பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். உயரமானவர்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம் என்று அவருக்குக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. அவரைவிட உயரமான ஒருவர் முதல் வரிசையில் நிற்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை நான் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஞானராஜும் மெர்சியும் வந்தார்கள். ஞானராஜ் கையில் ஒரு மைசூர்பாகு டப்பா, இன்னொரு கையில் ஒரு கவர். மெர்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, முதல்ல ஸ்வீட் எடுத்துக்குங்க” என்றார் ஞானராஜ். எடுத்துக்கொண்டேன். இதுவும் ஒரு பாடம். காரணம் கேட்காமல் மைசூர்பாகை வாயில் போடாதீர்கள். பிறகு பேச வேண்டிய நேரத்தில் பேச முடியாது.

“இது என்னோட ராஜினாமா கடிதம். திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல கொடுக்கப் போறேன். நீங்க இதுமேல கை வச்சு ஜெபம் பண்ணணும். முழுநேரப் பாட்டு ஊழியத்துக்கு வர்றேன் ஐயா. முதல்ல ஒரு கேசட். அப்புறம் ஊர் ஊரா கன்வென்ஷன்.”

நான் வாயில் மைசூர்பாகோடு தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஆண்டவர் பேசிட்டார் ஐயா. தினமும் விடியற்காலம் மொட்டை மாடிக்குப் போய் ஒரு பாட்டு பாடிட்டு ஜெபம் பண்றது என் வழக்கம். நேத்து கேட்டுட்டேன். ‘ஆண்டவரே, இந்த வேலையை விட்டுட்டு நான் வரணும்னா எனக்கு ஒரு சத்தம் கொடுங்க.’ இன்னும் ஆமென்கூடச் சொல்லல. அதுக்குள்ள…”

அந்தச் சத்தத்தை அவர் செய்து காட்டினார். சமையலறையில் என் மனைவி கையிலிருந்து கரண்டி விழுந்தது. வெளியே தெருநாய் ஒன்று குரைத்தது.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா! மைசூர்பாகை விழுங்கிவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னேன்.

“தம்பி, நீங்க புதுசா குடிவந்திருக்கீங்க. உங்க வீட்டுக்கு மேற்கால மிருகக்காட்சி சாலை இருக்கு. அது சிங்கம்.”

ஞானராஜ் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“சிங்கம்தான் ஐயா. எனக்குத் தெரியாதா? போன மாசம்தான் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். விடியற்காலம் அது கத்தறதும் புதுசு இல்ல. என் கேள்வி அது இல்ல. நான் கேட்ட அந்த செகண்டுல அது ஏன் கர்ஜிக்கணும்? அதுவும் பாருங்க, நரி இல்ல, கழுதை இல்ல. சிங்கம்! இயேசுவுக்கே யூதா கோத்திரத்துச் சிங்கம்னு பேருன்னு ஈஸ்டர் அன்னைக்கு நீங்கதானே ஐயா முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணீங்க?”

நாம் பேசும் பிரசங்கம் எந்த வீட்டு மொட்டை மாடியில் போய் இறங்கும் என்று நமக்குத் தெரியாது. அடுத்த வாரம் எளிமையான தலைப்பாக எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

நிலைமையைப் பாருங்கள். கவர் என் மேஜைமேல் இருக்கிறது. கை வைத்து ஜெபம் செய்தால், திங்கட்கிழமை அவர் வேலை போய்விடும், ஆயரே ஆசீர்வதித்தார் என்ற பெயரோடு போகும். மாட்டேன் என்றால் அவர் கோபித்துக்கொண்டு வேறு ஜெபக்கூடத்துக்குப் போவார். அங்கே கடிதத்துக்கு எண்ணெயே பூசி அனுப்புவார்கள். “உங்களுக்குப் பாட வராது” என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். ஆனால் அந்த மனிதரின் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருந்தால், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அது பாட்டுப் பைத்தியம் மட்டும் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என்ன என்றுதான் தெரியவில்லை.

நான் உதவி ஆயராக இருந்தபோது எனக்குமேல் இருந்த மூத்த ஆயர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பெரிய படிப்பாளி இல்லை. ஊழியத்துக்கு வருகிறேன் என்று யார் வந்து நின்றாலும் அவர் வாதாட மாட்டார். “ரொம்ப சந்தோஷம். அந்த வேலையை ஒரு நாள் செஞ்சு பாரு. அப்புறம் பேசுவோம்” என்பார். மிஷனரியாகக் காட்டுக்குப் போக வேண்டும் என்று அழுத ஒருவரை அவர் ஒரே ஓர் இரவு கொசுவலை இல்லாமல் படுக்க வைத்தார். அவர் காலையில் எழுந்து, நகரத்திலும் ஊழியம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

“ஞானராஜ்,” என்றேன், “திங்கக்கிழமைக்கு முன்னாடி ஞாயிற்றுக்கிழமை ஒண்ணு இருக்கே. நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு பாட்டுக் கூட்டம் வைப்போம். மைக் செட்டு போட்டு, அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூப்பிட்டு. தனியா நீங்களே பாடுங்க. அது முடிஞ்சதும் கடிதத்துக்கு ஜெபம் பண்ணுவோம்.”

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஐயா, இது எனக்குத் தோணாமப் போச்சே!” என்று அப்போதே மைக் செட்டுக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மெர்சி செருப்பைத் தேடுவதுபோல வாசலில் நின்றாள்.

“அம்மா, அவர் பாட்டைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டேன்.

“நினைக்கறதில்லை ஐயா” என்றாள் மெர்சி.

“அவர்கிட்ட சொன்னியா?”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு? ஆண்டவர்கிட்ட கேக்கறார். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து கேக்கறார். உங்ககிட்ட கேக்கறார். இப்போ சிங்கத்துக்கிட்டயும் கேட்டாச்சு. வரிசையில எனக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க ஐயா.”

மறுநாள் மாலை நான் போய்ச் சேர்ந்தபோது மொட்டை மாடி நிறைந்திருந்தது. சபையிலிருந்து நாலைந்து குடும்பம், அக்கம்பக்கத்தில் மனை வாங்கிக் குடிவந்தவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத ஏகப்பட்ட குழந்தைகள். பக்கத்து வீட்டு வரதராஜன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “வீட்ல எல்லாரும் திருநீர்மலை பெருமாள் கோயிலுக்குப் போயிருக்காங்க சார். எனக்கு மூட்டு வலி, மலை ஏற முடியல. சரி, இங்க பாட்டாவது கேப்போம்னு வந்தேன்” என்றார். இரண்டு பக்கமும் அன்றைக்கு ஆண்டவன் நினைவுதான்.

மைக் செட்டு பாபு, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“சார், இதை இன்னா சார், எந்தாண்ட திருப்பறது? இந்தப் பக்கம் வூடுங்க கீது. கொயந்தைங்க தூங்கும்.”

ஞானராஜ் பிறர்மேல் அன்புள்ளவர். யாருக்கும் தொந்தரவு கூடாது என்று யோசித்தார். “மேற்குப் பக்கம் திருப்பிடுப்பா. அங்க வீடே இல்ல, வெறும் காடுதான்” என்றார்.

பாபு ஸ்பீக்கரை மேற்கே திருப்பினான். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. போண்டா வாசனை மாடிவரை வந்துகொண்டிருந்தது.

ஞானராஜ் மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடினார். ஆரம்பித்தார்.

முதல் வரி வரை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வரியில் குரலை மேலே தூக்கினார். தூக்கிய இடத்திலேயே நிறுத்திப் பிடித்தார். அப்போது மேற்கேயிருந்து, பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. மாடியில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. ஞானராஜ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வேன்? முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

அவர் சரணத்துக்குப் போனார். இரண்டாவது சிங்கம் சேர்ந்துகொண்டது. பிறகு மூன்றாவது. மயில்கள் அகவின. குரங்குக் கூட்டம் ஒன்று கத்தியது. அப்புறம், அதுவரை நான் கேட்டேயிராத, எந்தப் பிராணி என்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஒரு சிரிப்புச் சத்தம். காடே விழித்துக்கொண்டது.

“சார், கோரஸ் சூப்பரா கீது சார்!” என்றான் பாபு, உண்மையான மரியாதையோடு.

“பார்த்தீங்களா ஐயா!” என்றார் ஞானராஜ் மைக்கிலேயே. “ஒண்ணு கேட்டேன். எத்தனை அடையாளம் பாருங்க!”

தம்பிகளே, தங்கைகளே, மூத்தவர்கள் சொல்லித் தந்த உபாயம் எல்லா நேரத்திலும் பலிக்காது. கொசு கடித்தால் மனம் மாறும். சிங்கம் பின்பாட்டுப் பாடினால் எவன் மனம் மாறும்? வரதராஜன்கூட என் பக்கம் சாய்ந்து, “சார், உங்க சாமி ரொம்ப பவர்ஃபுல்லா இருக்காரே” என்றார். நான் மெர்சியைப் பார்த்தேன். அவள் மாடிப்படி ஓரத்தில் சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் நான்.

அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு என்று போனது. ஒவ்வொன்றிலும் ஞானராஜ் உச்சத்தைத் தொடும்போதெல்லாம் மேற்கே பதில் வந்தது. அப்போது வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“யார் சார் இங்க பாடறது?”

“நான்தான்” என்றார் ஞானராஜ். மைக் இன்னும் அவர் கையில் இருந்தது. இந்த உரையாடல் முழுவதும் ஸ்பீக்கரில் போனது.

“தெனம் விடிகாலைலயும் பாடறது நீங்கதானா சார்?”

“ஆமா. அங்க வரைக்கும் கேக்குதா?” அவர் குரலில் பெருமை.

“நல்லா கேக்குது சார். நீங்க ஸ்டார்ட் பண்ணா பெரிய சிங்கம் எய்ந்துக்குது. எய்ந்து, காதை இப்பிடி இப்பிடி ஆட்டிகினு, ஒரு நிமிசம் பொறுத்துப் பாக்குது. அப்பால கத்த ஆரம்பிச்சுடுது. அது கத்துனா மத்ததெல்லாம் கத்துது. ஒரே பேஜாரு சார். எங்கேந்து வர்துன்னு நாங்களும் தேடிகினே கீறோம். ஏதோ பேக்டரி சங்குன்னு நென்ச்சோம். நடுவுல ஒரு வாரம் சவுண்டே இல்ல. அதுவும் நிம்மதியா தூங்குச்சு.”

அந்த வாரம் ஞானராஜுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சபையில் அதற்காக ஜெபம்கூட ஏறெடுத்தோம்.

மாடியில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அது அடக்கி வைத்த அமைதி. ஒரு சின்னப் பையன் “க்ளுக்” என்றான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அவள் தோளே குலுங்கிக்கொண்டிருந்தது. வரதராஜன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாபு மெதுவாக, “நான் வேணா ஸ்பீக்கரை இந்தாண்ட திருப்பிடட்டா சார்?” என்றான்.

ஞானராஜ் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம், மின்சாரம் போனதுபோல அணைந்தது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடம்தான். அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு புன்னகை காட்டியிருந்தால் போதும், மாடியே வெடித்திருக்கும். ராஜினாமா அங்கேயே முடிந்திருக்கும். நாவின் நுனியில் அருமையான ஒரு பிரசங்கமும் வந்து நின்றது, அடையாளங்களை நாடுவோர்பற்றி, மூன்று பகுதிகளோடு. அவ்வளவு பொருத்தமான உதாரணம் என் ஊழியத்தில் அதற்குப் பிறகு கிடைத்ததே இல்லை. ஆனால் ஊர் சிரித்ததால் ஒருவர் ஒரு தீர்மானத்தைக் கைவிட்டால், அது தீர்மானம் ஆகாது. அவர் தோற்றுப்போய் நிற்கிறார் என்றுதான் அர்த்தம். தோற்றவன் அடுத்த மாதம் இன்னும் பெரிய பைத்தியக்காரத்தனத்தோடு வருவான். அதுவும் வேறு ஆயரிடம் போவான்.

நான் எழுந்து, மைக்கை வாங்கி, “ஜெபம் செய்வோம்” என்றேன். கண்ணை மூடினால் சிரிப்பு தெரியாது. கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை அது. மிகச் சுருக்கமாக ஜெபித்து, “கீழே மெர்சி டீச்சர் போண்டா போட்டிருக்காங்க” என்று முடித்தேன். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மாடி காலியாகிவிட்டது. காக்கிச் சட்டைக்காரரையும் வரதராஜன் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கீழே போனபிறகு அவர்கள் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒரு மாடி தள்ளிக் கேட்டது. அந்த ஒரு மாடி முக்கியம்.

ஞானராஜ் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்போ ஆண்டவர் பேசலியா ஐயா?”

“அவர் பேசலைன்னு சொல்ல நான் யாரு? ஆனா சிங்கம் பேசிச்சு. அது அதோட தூக்கத்தைப் பத்திப் பேசிச்சு.”

நான் தொடர்ந்தேன். “நீங்க கேட்ட கேள்வி பெரிய கேள்வி தம்பி. உங்க வேலை, பொண்ணுங்க படிப்பு, இந்த வீடு, உங்க மனசு எல்லாம் அதுல இருக்கு. இதெல்லாம் தெரியாத ஒரு பிராணிகிட்ட போய் பதில் கேக்கறீங்க. இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆளை ஆண்டவர் உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே கொடுத்திருக்காரே?”

மெர்சி ஒரு தட்டில் போண்டாவோடு மாடி ஏறி வந்துகொண்டிருந்தாள். ஞானராஜ் அவளைப் பார்த்தார்.

“மெர்சி… நீ என்ன நினைக்கிறே?”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாட்டைப் பற்றிப் பேசப் போகிறாள், நொறுக்கப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் வேறு கேட்டாள்.

“ஏங்க, ஆபீஸ்ல என்ன ஆச்சு?”

ஞானராஜ் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாக்களையும் எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்.

“என்னை ரெக்கார்ட் ரூம்ல போட்டுட்டாங்க. ஆறு மாசம் ஆச்சு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பழைய கட்டுங்கதான். ஒரு மனுஷ முகம் கிடையாது. ‘சாப்ட்டியா’ன்னு கேக்க ஆள் இல்ல. வாயே திறக்காம ஒரு நாள் போயிடுது மெர்சி. விடிகாலைல மாடியில நின்னு பாடினா, யாராவது கேப்பாங்கன்னு ஒரு இது.”

“யாரும் கேக்கலைன்னு யார் சொன்னா? நான் தினமும் கேக்கறேன். போர்வையைத் தலையோட இழுத்து மூடிக்கிட்டுக் கேக்கறேன்.”

“அவ்வளவு மோசமா?”

“பாட்டு மோசம்தான்” என்றாள் மெர்சி. “பாடற ஆள் நல்லவர்.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் தட்டிலிருந்து ஒரு போண்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டேன். ஓர் ஆயர் அறையை விட்டு எப்போது வெளியே போக வேண்டும் என்பதையும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

ஞானராஜ் வேலையை விடவில்லை. பிரிவு மாற்றம் கேட்டார். விசாரணைக் கவுன்ட்டருக்குப் போக அந்த அலுவலகத்தில் யாருக்குமே விருப்பமில்லை. நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஞானராஜ் தானாகக் கேட்டதும், அதிகாரி அவரை உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமே! காது கேளாத பென்ஷன்காரர்களுக்குக்கூட அவர் சொல்வது விளங்கும். அடுத்த கட்டிடத்தில் இருப்பவர்களுக்கும் விளங்கும். எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் அழுதுகொண்டு வரும் கிழவிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். சனிக்கிழமைகளில் எங்களோடு ஆஸ்பத்திரி சந்திப்புக்கும் வர ஆரம்பித்தார். நோயாளிகள், அவர் தங்கள் கட்டிலருகே வர மாட்டாரா என்று காத்திருப்பார்கள். வார்டில் பாடுவதில்லை என்பது அவரும் மெர்சியும் சேர்ந்து எடுத்த தீர்மானம்.

ஆண்டவர் அடையாளம் காட்டவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். ஜெபியுங்கள், ஜெபிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் உங்களிடம் சித்தம் கேட்டு வருகிறவர் பெரும்பாலும் பதில் தேடி வருவதில்லை. சொல்ல முடியாத ஒரு சங்கடத்துக்குப் பரலோகத்தின் கையெழுத்தை வாங்க வருகிறார். கையெழுத்துப் போடாதீர்கள். சங்கடம் என்ன என்று கேளுங்கள். உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றால், கேட்கத் தெரிந்த ஆள் அநேகமாக அவர் பக்கத்திலேயே சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிறகு எனக்குப் பல ஊர்களுக்கு மாற்றலாயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் மறுபடி தாம்பரம் பக்கமே வந்தேன். ஒரு நாள் ஞானராஜின் மூத்த மகள் நாங்கள் குடியிருந்த குருமனைக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங்கா, கம்ப்யூட்டரா என்பது அவள் கேள்வி. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது.

நான் ஆயத்தமாகக் கண்ணாடியைக் கழற்றி, “வீட்ல பேசினியாம்மா?” என்று ஆரம்பித்தேன்.

“பேசியாச்சு அங்கிள்” என்றாள். “அப்பா ஆர்டர் போட்டுட்டார். முதல்ல அம்மாகிட்ட பேசு, அப்புறம் அந்த வேலை செய்யறவங்க ரெண்டு பேரைப் போய்ப் பாரு, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில உக்காந்து பாரு, ஜெபம் பண்ணு, நல்லா தூங்கு, அப்புறம் முடிவு பண்ணுன்னார். எல்லாம் பண்ணிட்டேன். முடிவும் பண்ணிட்டேன்.”

“அப்போ என்கிட்ட எதுக்கும்மா வந்தே?”

“எல்லாம் முடிஞ்சதும் ஐயா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா ஆன்ட்டி போடற காபி நல்லா இருக்கும்னார்.”

நான் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். என் மனைவி காபி கொண்டுவந்தாள். அந்தப் பெண் ரசித்துக் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.